நூறு மில்லி ஊர்

ஒரு விடுகதை போடுகிறேன். விடை தெரிந்தாலும் உடனே சொல்லிவிடாதீர்கள், பக்கத்தில் இருப்பவர்களும் யோசிக்கட்டும். அண்ணனும் தம்பியும் ஒரு வாசலுக்கு வந்தார்கள். தம்பி கழுத்துவரை குடித்திருந்தான், அவனை உள்ளே போகவிட்டார்கள். அண்ணன் மூன்றே மிடறுதான் குடித்திருந்தான், அவனைப் பிடித்துக் கழுத்தைத் திருகிக் குடித்ததைக் கொட்டினார்கள். அண்ணன் செய்த குற்றம் என்ன?

யோசித்துக்கொண்டே கேளுங்கள். கீழக்கொன்றை என்ற ஊரில் மீனாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் கணவன் சேவுகன் இருபத்தாறு வருடம் மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் அடுப்படியில் நின்றவன். வருடத்துக்கு ஒரு மாதம் ஊருக்கு வருவான், வந்த முப்பது நாளும் புளியடிச் செய் என்கிற தன் வயலை விட்டு நகரமாட்டான், அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே குளித்து, வரப்பில் துண்டை விரித்துப் படுத்து, திரும்பிப் போகும்போது செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டாமல் விமானம் ஏறுவான். ஆறு வருடத்துக்கு முன்னால், கீழக்கொன்றை விமான நிலையத்தின் ஓடுபாதை போதாது என்று சொல்லி, புளியடிச் செய்யை எடுத்துக்கொண்டு, கிணற்றை மூடி, மேலே சரளை கொட்டிக் கெட்டித் தளம் போட்டுவிட்டார்கள். அதற்கு முந்தைய நாள் மீனாள் போய் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிவந்து கடுகு டப்பாவில் போட்டு மூடிவைத்தாள். எதற்கென்று கேட்டவர்களிடம் "இருக்கட்டும்" என்றாள்.

அது எதற்கென்று ஒரு நாள் தெரிந்தது. சேவுகனோடு வேலை பார்த்த தங்கராசு மலேசியாவிலிருந்து போன் செய்தான்.

"அக்கா, அண்ணன் அடுப்படியில விழுந்து பதினேழு நாளாச்சு. ஒரு பக்கம் அசைவில்ல. இன்னைக்கி நாளைக்கிங்கிறாங்க, ஆனா போகமாட்டேங்கிறாரு. கண்ணத் தொறக்கல, பேசல, வாய மட்டும் தொறந்து தொறந்து மூடுறாரு. மண்ணாசைக்கா அது. நீங்க கரைச்சுக் கொண்டாந்தாத்தான் விடியும்."

மண்ணாசையில் உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தால், அவரவர் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையால் மூன்று முறை வாயில் ஊற்றுவார்கள். உள்ளே இறங்கியதும் உயிர் நிம்மதியாகப் போய்விடும். மண்ணை மண்ணாகவே முடிந்து எடுத்துக்கொண்டு போயிருந்தால் மீனாளை எந்த வாசலிலும் யாரும் நிறுத்தியிருக்கமாட்டார்கள் என்று பின்னால் எத்தனையோ பேர் சொன்னார்கள். ஆனால் தண்ணீர் சொந்தக் கிணற்றுத் தண்ணீராக இருக்கவேண்டும், கரைக்கிற கை கட்டியவளுடைய கையாக இருக்கவேண்டும், புறப்படுகிற வீட்டிலேயே கரைக்கவேண்டும் என்பது கீழக்கொன்றையின் முறை. ஆகவே மீனாள் விடியற்காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, வீட்டுக் கிணற்றில் இறைத்து, கடுகு டப்பாவைத் தட்டித் துடைத்துக் கடைசித் துகள்வரை கரைத்து, தன் கல்யாணத்தில் பன்னீர் தெளித்த நீலக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றினாள். குப்பி பெரியது. மண் தண்ணீர் அதன் அடியில் மூன்று பாலாடை அளவுக்குக் கிடந்தது.

சேவுகனின் தங்கை பூமயில் அதைப் பார்த்துவிட்டு, "ஏன் மதினி, சின்னதா ஒண்ணு எடுக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

"கல்யாணத்துல தெளிச்சதுலயே ஊத்துறேன், பூமயிலு. அவருக்கு அடையாளம் தெரியும்" என்றாள் மீனாள்.

விமான நிலையத்தில் பையைப் படம் பிடிக்கிற இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் சிகாமணி என்பவர் நின்றார். கெட்டவர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. இரவல் பேனாவைக்கூட மறக்காமல் திருப்பிக் கொடுப்பவர். அவர் குப்பியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்னம்மா?"

"மண்ணு தம்பி. எங்க வீட்டுக்காரருக்கு வாயில ஊத்த."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிகாமணி சிரிக்கவில்லை. குப்பியைத் தலைகீழாகத் திருப்பி, அடிக் கண்ணாடியில் வார்த்திருந்த எண்ணைப் படித்தார்.

"இருநூறு மில்லி. நூறுக்கு மேல கைப்பையில போகாதும்மா."

"உள்ள மூணு பாலாடைதான் இருக்கு தம்பி. நல்லாப் பாருங்க, அடியில கிடக்கு."

"உள்ள எவ்வளவு கிடக்குங்கிறது கணக்கே இல்லம்மா. குப்பியோட அளவுதான் கணக்கு."

"அப்ப ஒரு சின்னக் குப்பி இருந்தாக் குடுங்க. இங்கயே மாத்திக்கிறேன்."

"இது என்ன மருந்துக்கடையா? அடியில போடுற பெட்டியில வச்சிருக்கணும், அந்தக் கவுண்டர் மூடியாச்சு. குப்பி வேணும்னா நீங்க நில்லுங்க. நீங்க போகணும்னா குப்பி நிக்கட்டும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா, பின்னாடி ஆளு நிக்குது பாருங்க."

மீனாள் பின்னால் பார்த்தாள். அறுபது பேர் நின்றார்கள். அறுபது பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். போகாமல் நின்றால் சேவுகனின் முகத்தைப் பார்க்க முடியாது, போனால் பார்க்கத்தான் முடியும். அவள் சொல்லாததை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மூடியைத் திருகி, குப்பியைச் சிவப்புப் பிளாஸ்டிக் பீப்பாயின் மேல் கவிழ்த்தார். புளியடிச் செய் மூன்று முறை குளக் குளக் என்றது.

மீனாள் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். சிகாமணியின் சட்டையில் குத்தியிருந்த பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தாள். ப, புள்ளி, சி, கா, ம, ணி. படித்து முடித்துவிட்டு, சத்தம் போடாமல், கடையில் உப்புக் கேட்பதுபோலச் சொன்னாள்:

"சரி தம்பி. குப்பியோட அளவுதான் கணக்குன்னா, அந்தக் கணக்கு எனக்கு மட்டும் எதுக்கு? இந்த ஊருக்கே இருக்கட்டும்."

அதைக் காதில் வாங்கியது ஒரே ஒருத்திதான். பீப்பாயைக் கழுவுகிற மாரிக்கனி. சிகாமணிக்கு அது காதில் விழவில்லை, ஏனென்றால் அவர் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குப்பை வாளியில் போடவேண்டிய அந்தக் குப்பி நல்ல மயில்கழுத்து நீலமாக இருந்தது. வீட்டில் ஒன்பது வயது மகள் நறுமுகை கண்ணாடிக் குப்பிகளைச் சன்னலில் அடுக்கி வெயிலில் நிறம் பார்க்கிறவள். அவர் அதைத் தன் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

மீனாளின் விமானம் ஓடுபாதையில் ஓடி, புளியடிச் செய் இருந்த இடத்தில் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கியது. தூக்கிய அந்த நொடியில், விமான நிலையத்து வாசலில் டீக்கடை வைத்திருந்த காதர் பாய் கொதிக்கிற பாலில் கரண்டியை விட, கரண்டி டங்கென்று அடியில் மோதியது. சட்டியில் பால் இல்லை. பொங்கவும் இல்லை, ஒழுகவும் இல்லை, துடைத்துக் கவிழ்த்து வெயிலில் வைத்த சட்டிபோலக் காய்ந்திருந்தது. பக்கத்தில் கண்ணாடி டம்ளர்களில் ஊற்றிவைத்த டீ மட்டும் ஆவி பறக்க அப்படியே நின்றது.

ஊரில் நடந்ததையெல்லாம் பின்னால் ஒவ்வொருவராக வந்து மீனாளிடம் சொன்னார்கள், அவள் ஒவ்வொருவரையும் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். ஆகையால் அவள் கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

அண்டாக்கள் காய்ந்தன. குடங்கள் காய்ந்தன. தொட்டிகள், தவலைகள், மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டிகள், கோயில் தெப்பக்குளம், கிணறுகள் எல்லாம் காய்ந்தன, ஏனென்றால் கிணறும் ஒரு பாத்திரம்தானே. பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியர் அளவுக் குவளைகளை வரிசையாக வைத்து ஒரு பகல் முழுக்கச் சோதித்துவிட்டுக் கரும்பலகையில் எழுதினார்: நூறு மில்லி பிடிக்கிற பாத்திரத்தில் தண்ணீர் நிற்கிறது, நூற்றொன்று பிடிக்கிற பாத்திரத்தில் ஒரு சொட்டு விட்டாலும் நிற்பதில்லை, பார்க்கப்படுவது பாத்திரத்தின் அளவு, தண்ணீரின் அளவு அல்ல. மனிதர் வயிற்றையும் மாட்டு மடியையும் அந்தக் கணக்கு பாத்திரமாக எண்ணவில்லை. தேங்காயை எண்ணியது. இதில் என்ன நியாயம் என்று டீக்கடையில் இரண்டு நாள் வாதாடினார்கள், மூன்றாம் நாள் தேங்காயைத் தண்ணீர் இல்லாமல் உடைக்கப் பழகிவிட்டார்கள்.

குழாயைப் பாத்திரம் என்று அது சொல்லவில்லை, குழாய் வழிதான். ஆகவே ஊருக்கு வெளியே இருக்கும் ஆற்றிலிருந்து குழாய்த் தண்ணீர் எப்போதும்போல வந்தது. வந்த தண்ணீரைப் பிடிக்கத்தான் ஒன்றும் இல்லை. ஊர் குப்பி தேடப் புறப்பட்டது. மைக் குப்பி, மருந்துக் குப்பி, அத்தர் குப்பி, கண் சொட்டு மருந்துக் குப்பி, கார்த்திகை அகல், பிள்ளைக்குப் புகட்டும் சங்கு, பாலாடை என்று பரணில் கிடந்ததெல்லாம் கீழே இறங்கியது. ஒரு வீட்டில் முந்நூறு குப்பி இருந்தால் அது வசதியான வீடு. ஹோமியோபதி வைத்தியர் தெருவில் நடந்தால் ஆட்கள் எழுந்து நின்றார்கள். குளிப்பதற்கு எழுபது குப்பி பிடித்துவைத்து, கணவன் ஊற்ற மனைவி குளித்தாள், மனைவி ஊற்றக் கணவன் குளித்தான், சண்டை போட்ட தம்பதிகள் அழுக்காக அலைந்தார்கள், யார் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை என்பது மூக்குக்கே தெரிந்தது.

வண்டிகளின் பெட்ரோல் தொட்டி காய்ந்தது. மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாயை வாங்கி, நூறு மில்லிக் குப்பியில் மாட்டி, கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு, நோயாளி மாடு போல இருமிக்கொண்டு மோட்டார் சைக்கிள்கள் போயின. வந்து இறங்கிய இரண்டு விமானங்கள் தரையைத் தொட்டதும் எண்ணெய் காய்ந்து ஓடுபாதையிலேயே நின்றன. மூன்றாவது விமானம் வரவில்லை. நின்ற விமானங்களின் நிழலில் ஆடுகள் படுத்துக்கொண்டன.

சிவன்கோயில் தெருவில் ஒரு கல்யாணம் நடந்தது. நானூறு பேருக்கு ரசத்தை அறுநூறு அகலில் கொதிக்கவைத்தார்கள். சமையல்காரர் ஒவ்வொரு அகலிலும் ஒரு மிளகைப் போட்டுக்கொண்டே போனார், முடிப்பதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது. அதற்கு மறுவாரம் மேலத்தெரு வைக்கோல் படப்பில் தீப்பிடித்தது. ஊரே மைக் குப்பியோடு ஓடி, ஓடிய வேகத்தில் பாதியைச் சிந்தி, மீதியை ஊற்றி, படப்பு எரிந்து, பக்கத்து இரண்டு வீடு எரிந்து, தானாக அணைந்ததும் குப்பிகளை மூடிக்கொண்டு திரும்பினார்கள்.

"ரெண்டு வீடா?" என்று கேட்டாள் மீனாள்.

"ரெண்டுதான். ஆளுக்கு ஒண்ணுமில்ல" என்றாள் சொன்னவள்.

"எரிஞ்சதை இன்னொரு தடவ சொல்லு."

மூன்றாவது வாரத்தில் ஊர் ஆச்சரியப்படுவதை நிறுத்திவிட்டது. விருந்துக்குப் போகிறவர்கள் சொந்தக் குப்பியோடு போனார்கள். "தண்ணி சாப்பிடுறீங்களா?" என்று கேட்பது போய், "குப்பி வச்சிருக்கீங்களா?" என்று கேட்பது மரியாதையானது. பிள்ளைகள் கழுத்தில் கயிறு கட்டிக் குப்பி தொங்கவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். மழை வந்தால் வேலையை விட்டுவிட்டுத் தெருவில் வந்து நிமிர்ந்து வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். அறிவியல் ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதை யாரோ பெயிண்டால் பேருந்து நிலையச் சுவரில் எழுதினார்கள். ஒரு நாள் மாரிக்கனி அந்தச் சுவரைக் கடந்து போனவள் நின்று படித்தாள். பார்க்கப்படுவது பாத்திரத்தின் அளவு. இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று நினைத்தாள், நினைவு வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து நகராட்சித் தலைவரின் வீட்டுக்குப் போனாள்.

அங்கே மலேசியாவில் மீனாள், திறந்து திறந்து மூடுகிற வாயின் பக்கத்தில் இருபத்து மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். அந்த நாட்டுத் தண்ணீரை ஊற்றினாள், துப்பினான். பால் ஊற்றினாள், துப்பினான். "கொட்டிட்டாங்க" என்று அவன் காதில் சொன்னாள். சேவுகன் அசையாத பக்கத்தைக் கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். கடைசியில் தங்கராசும் கடைக்காரரும் சேர்ந்து, படுக்கையோடு அவனை வேறொரு ஊரின் விமான நிலையத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கிருந்து வேனில் வந்தார்கள். கீழக்கொன்றை எல்லைப் பலகையைத் தாண்டியதும் வேன் இருமி நின்றது. ஓட்டுநர் எண்ணெய்த் தொட்டியைத் திறந்து பார்த்து, காய்ந்து கிடந்ததைக் காட்டினார். மீனாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் கண்ணை மூடி, சாப்பிட்டு முடித்தவள்போல ஒரு மூச்சு விட்டாள். வேனைத் தள்ளிக்கொண்டு வந்த இளவட்டங்களின் கழுத்தில் குப்பிகள் கிணுகிணுத்தன. வீட்டுக்குள் போனதும் முதல் வேலையாகக் கிணற்றை எட்டிப் பார்த்தாள். அவள் கிணறும் காய்ந்திருந்தது. ஊருக்கே என்று சொன்னோம், ஊரில் நம் வீடும் சேர்த்திதான் என்று அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஊர் வந்தது. முன்னால் தலைவர், பின்னால் கோயில்காரர், பள்ளிவாசல்காரர், அறிவியல் ஆசிரியர், எரிந்த வீட்டுக்காரர்கள், எல்லாருக்கும் பின்னால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சிகாமணி. மீனாள் வாசற்படியை விட்டு இறங்கவில்லை. அவளுக்குப் பின்னால் கட்டிலில் சேவுகனின் வாய் திறந்து மூடுவது எல்லாருக்கும் தெரிந்தது.

"தாயி, பிள்ளகுட்டி தவிக்குது. சொன்ன சொல்ல எடுத்துக்க" என்றார் தலைவர்.

"என் மூணு பாலாடையக் குடுங்க. எடுத்துக்கிறேன்."

"ஓடுபாதைய ஒடச்சுக்கூட மண்ணு எடுத்துட்டோம் தாயி. மாரிக்கனி சொன்ன அன்னைக்கே ஒடச்சோம்." நான்கு ஆள் ஆழம் தோண்டியும் ஏழு ஊரிலிருந்து வந்த சரளைதான் கிடைத்தது, அதற்கடியில் கிடைத்ததை ஒரு அகலில் கொண்டுவந்திருந்தார்கள். மீனாள் அதை வாங்கி, கரைத்து, எல்லார் முன்னாலும் சேவுகனின் வாயில் ஊற்றினாள். அவன் துப்பினான்.

"அது எங்க மண்ணு இல்ல" என்றாள்.

அப்போது பின்னாலிருந்து சிகாமணி சொன்னார், "கொட்டினதைத் திரும்ப அள்ள முடியுமாம்மா? நான் விதிப்படிதான செஞ்சேன். இது ஒங்களுக்கு நல்லாவா இருக்கு?"

கூட்டம் விலகியது. மீனாள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஊரில் எல்லார் உதடும் வெடித்திருந்தது. சிகாமணியின் உதடு வெடிக்கவில்லை.

"குப்பி எங்க தம்பி? நீலக் குப்பி?"

"அன்னைக்கே ஒடச்சுக் குப்பையில போட்டாச்சு."

இதைச் சொல்லும்போது மகளின் கையை அவர் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார். நறுமுகை நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் திறந்து மூடுகிற வாயைப் பார்த்தாள்.

குப்பி உடையவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நறுமுகைக்கும் தெரியும். அவள் அதில் ஒரு செம்பருத்தியைப் போட்டுச் சன்னலில் வைத்திருந்தாள், ஊரெல்லாம் காய்ந்த அன்றைக்கு அந்தக் குப்பியில் மட்டும் தண்ணீர் காயவில்லை. ஒருமுறை பிடித்துத் தண்டித்த குப்பியை மறுபடி எதற்குத் தண்டிக்கவேண்டும் என்று அந்தக் கணக்கு விட்டுவிட்டதோ என்னவோ. சிகாமணி அதைப் பார்த்தார், பூவை எடுத்துப் போட்டார், குப்பியைக் குளியலறைப் பலகையில் சோப்புத் தூளுக்குப் பின்னால் மறைத்துவைத்தார். தினமும் காலையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, அதை நிரப்பி, நடுவில் மூச்சு விடாமல் இருநூறு மில்லியையும் குடித்தார். கதவிடுக்கு வழியாக நறுமுகை பார்த்தாள். அவள் கேட்டதற்கு, "யாருகிட்டயும் சொல்லக் கூடாது, அப்பாவுக்குத் தொண்டை வறளுது" என்றார். அந்தத் தண்ணீரில் லேசாக மண் வாசம் அடிப்பதாகவும், அது நன்றாகத்தான் இருக்கிறது என்றும் நறுமுகையின் அம்மாவிடம் சொன்னார். குப்பியின் அடியில் காய்ந்து ஒட்டியிருந்த செம்மண் வளையம் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வந்தது.

மறுநாள் மதியம், சிகாமணி சாப்பிட்டுப் படுத்திருந்த நேரத்தில், நறுமுகை பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு மீனாளின் வாசலுக்கு வந்தாள். பூமயில்தான் முதலில் பார்த்தாள்.

"யாரு பாப்பா நீ? குப்பி கேட்டு வந்தியா? இங்க இல்ல."

"நான் கொண்டுவந்திருக்கேன் அத்தை" என்று பையைத் திறந்தாள்.

மீனாள் கையை நீட்டி வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில், நகக்கண்ணில் ஒட்டுகிற அளவுக்கு மண் இருந்தது. மீதி எங்கே போயிற்று என்று கேட்டாள். நறுமுகை உள்ளபடி சொன்னாள், தினமும் காலையில் என்றும், தாழ்ப்பாள் என்றும், நடுவில் மூச்சு விடாமல் என்றும் சொன்னாள். மீனாள் இதை மட்டும் இரண்டாவது முறை சொல்லச் சொல்லவில்லை.

அவள் அகலில் இருந்த தண்ணீரைக் குப்பியில் விட்டாள், தண்ணீர் நின்றது. உள்ளங்கையால் வாயை மூடிக் குலுக்கினாள், தண்ணீர் சிவந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, சேவுகனின் தலையை மடியில் தூக்கி வைத்து, பாலாடையில் ஊற்றிப் புகட்டினாள். முதல் பாலாடைக்கு நெற்றிச் சுருக்கம் போயிற்று. இரண்டாவதற்கு அசையாத பக்கத்துக் கை அசைந்து, குப்பியைத் தொட்டு, அதன் கழுத்தைத் தடவியது. அடையாளம் தெரிந்துவிட்டது. மூன்றாவதை அவன் நிதானமாக விழுங்கினான், வாயை மூடினான், அதன்பின் திறக்கவில்லை.

"அண்ணே!" என்று பூமயில் தலையில் அடித்துக்கொண்டு விழுந்தாள்.

மீனாள் அழவில்லை. தலையை மெதுவாக மடியிலிருந்து இறக்கி வைத்தாள், வாயோரத்தில் வழிந்த செம்மண்ணை முந்தானையால் துடைத்தாள், பாலாடையைக் கவிழ்த்து வைத்தாள். சமையலறையில் காய்ந்த பானை காய்ந்தபடியே இருந்தது. நறுமுகை வாசற்படியிலேயே நின்றாள்.

"அத்தை, குப்பியக் குடுங்க. அப்பா எந்திரிச்சாத் தேடுவாரு."

"இங்க வா ஆத்தா" என்றாள் மீனாள். சிறுமி வந்தாள். மீனாள் அவளைத் தனக்கு எதிரே தரையில் உட்காரவைத்து, குப்பியை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"ஊருக்குன்னு சொன்னதை எடுத்துட்டேன். ஆனா வாயில இருந்து விழுந்த சொல்லு வெறுங்கையோட போகாது. ஒரு ஆளு மேலயாவது இருந்துக்கும். அந்த ஆளுக்கு ஆயுசுக்கும் நூறு மில்லிதான். குடிக்க, குளிக்க, கடைசியில வாயில ஊத்தக்கூட அம்புட்டுத்தான். யாரு மேலங்கிறதக் குப்பி கொண்டுவந்த கைதான் சொல்லணும்."

இது ஊரில் உண்டான முறையா, அந்த நேரத்தில் மீனாள் உண்டாக்கிய முறையா என்பது பூமயிலுக்கும் தெரியாது. அவள் அழுகையை நிறுத்திவிட்டு, "மதினி, பச்சப்புள்ள" என்றாள்.

மீனாள் அவள் பக்கம் திரும்பவில்லை. சிறுமி என் மேல் இருக்கட்டும் என்று சொல்வாள், நல்ல பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும், பிறகு சிகாமணி தன் மகள் குப்பி குப்பியாய்க் குடிப்பதை ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவள் நினைத்தாள். அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தொண்டை குளிர்ந்தது.

"ஒண்ணு ஒன் மேல. இல்லேன்னா ஒங்கப்பா மேல. ரெண்டுல ஒண்ணு சொல்லு ஆத்தா. வெளிய ஊரே நிக்குது பாரு."

நறுமுகை வெளியே பார்த்தாள். பூமயிலின் அழுகையைக் கேட்டு வந்தவர்கள் வாசலில் கழுத்துக் குப்பிகளோடு நின்றார்கள். அவள் திரும்பினாள். நடுவில் இருந்த குப்பியைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருந்த எண்ணைப் படித்தாள். மறுபடி நிமிர்த்தி வைத்தாள்.

பிறகு, பள்ளிக்கூடத்தில் கேட்டால் சொல்வதுபோல, முதலெழுத்தோடு, "ப. சிகாமணி" என்றாள்.